உப்புத் தண்ணிக்கும் நுரைக்கும் சோப்பு: வீட்டிலேயே செய்ய முழுமையான வழிகாட்டி

திருவேங்கடத்தில் இருந்துகொண்டு சோப்பு செய்யக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர், எண்ணெய்க் கடைக்குப் போகுமுன் தன் வீட்டு வாளியைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். அடியிலும் ஓரத்திலும் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து கிடந்தால் அது கடுத்த தண்ணீர்; உப்புத் தண்ணி என்று நாம் சொல்வது இதைத்தான். கரிசல் காட்டில் போர் போட்டு எடுக்கும் தண்ணீர் பெரும்பாலும் இப்படித்தான். சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் கரைந்தே மேலே வருகின்றன. அந்தத் தண்ணீரில் சோப்பு பட்டதும் முதலில் இவற்றோடுதான் சேரும். சேர்ந்த பங்கு பிசுக்காகத் திரிந்து குளியலறைத் தரையிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொள்ளும். மிச்சப் பங்குதான் நுரைக்கும்.

ஆகவே சங்கரன்கோவில், கழுகுமலை, கோவில்பட்டி சுற்றுவட்டாரத்துத் தண்ணீரையும் வெயிலையும் மனத்தில் வைத்தே இந்த முறைகளைச் சொல்கிறேன். குளிர் நாட்டுச் செய்முறைகள் ஆலிவ் எண்ணெயில் தொடங்கும். அச்சில் ஊற்றிய சோப்பைக் கம்பளியால் போர்த்தி வைக்கச் சொல்லும். சித்திரை மாதத்தில் இங்கே கம்பளி போர்த்தினால் சோப்பு பொங்கி வழியும். ஆலிவ் எண்ணெய்க்கு விலையும் அதிகம், உப்புத் தண்ணீரில் நுரையும் கம்மி. நமக்குத் தேங்காயும் வேப்பமுத்தும் விளக்கெண்ணெயும் போதும்.

## எண்ணெய் எப்படிச் சோப்பாகிறது

எண்ணெயோடு கடுமையான ஒரு காரத்தைச் சேர்த்தால், எண்ணெய் பிரிந்து சோப்பும் கிளிசரினும் உண்டாகும். அவ்வளவுதான் சங்கதி. கட்டிச் சோப்புக்கு உரிய காரம் காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு. அளவு சரியாக இருந்தால் முடிவில் காரம் ஒரு துளிகூட மிஞ்சாது. 'காஸ்டிக் போடாத இயற்கைச் சோப்பு' என்று யாராவது விற்றால், ஒன்று அது சோப்பே இல்லை, அல்லது வேறு யாரோ ஏற்கெனவே காஸ்டிக் போட்டுச் செய்ததை அவர் உருக்கி ஊற்றியிருக்கிறார்.

காரத்தால் அழுக்கு எடுப்பது நம் ஊருக்குப் புதிதில்லை. உவர்மண்ணைக் கரைத்துத் துணியை நனைத்து வெள்ளாவி வைத்தார்கள் சலவைத் தொழிலாளர்கள். அந்த மண்ணில் இருப்பது சோடியம் கார்பனேட். கடையில் சலவைச் சோடா என்று விற்பதும் அதுவேதான். ஆனால் சலவைச் சோடாவையோ ஆப்பச் சோடாவையோ போட்டு எண்ணெயைக் கட்டிச் சோப்பாக்க முடியாது. மூன்றுக்கும் பெயரில் 'சோடா' இருப்பதால் கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிடுவதுண்டு. பாக்கெட்டில் 'சோடியம் ஹைட்ராக்சைடு' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

தென்னகத்தில் ஆராய்ச்சி செய்து சோப்பு காய்ச்சியது மீன்வளத் துறை என்றால் பலர் நம்பமாட்டார்கள். கூட்டுறவு இயக்கத்துக்கு அடிப்படையான அறிக்கையை எழுதிய பிரடெரிக் நிக்கல்சன், சென்னை மாகாண மீன்வளத் துறையைக் கவனித்தபோது, மலபார்க் கரையில் மலிந்து கிடந்த மீன் எண்ணெயை என்ன செய்வது என்று யோசித்தார். பயிருக்குப் பூச்சி மருந்தாகத் தெளிக்கும் மீன் எண்ணெய்ச் சோப்பு அப்படிப் பிறந்தது. 1914-இல் கோழிக்கோட்டில் அரசுச் சோப்பு நிலையம் எழுந்தது. பின்னாளில் அதுவே கேரளா சோப்ஸ் ஆயிற்று. மைசூர் சமஸ்தானத்தில் சந்தன எண்ணெய்க்காக அரசு சோப்பு ஆலை தொடங்கியது 1916-இல், அதற்குப் பிறகுதான்.

## முதலில் பாதுகாப்பு

இந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

தீப்பெட்டி ஆபீசிலும் பட்டாசு ஆலையிலும் வேலை பார்த்தவர்கள் நிறைந்த பகுதி இது. மருந்து என்றால் அதை எந்த மரியாதையோடு தொட வேண்டும் என்பது அவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். காஸ்டிக்கும் அந்த வகைதான். தோலில் பட்டால் வெந்துபோகும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

கண்ணை முழுதும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, கால் விரல் தெரியாத செருப்பு வேண்டும். சேலை என்றால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். பிள்ளைகள், கோழி, நாய் எதுவும் அந்தப் பக்கம் வராத நேரமாகப் பாருங்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் கூடாது.

காஸ்டிக்கைத் தண்ணீரில் போட வேண்டும். காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். வரிசை மாறக் கூடாது. கரையும்போது எழும் ஆவி தொண்டையைக் கமறவைக்கும். அதனால் பின்வாசல், தாழ்வாரம் போன்ற காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், முகத்தைப் பாத்திரத்துக்கு மேலே கொண்டுபோகாதீர்கள். ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று அடிக்கும் நாட்களில் மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். செதிலாக இருக்கும் காஸ்டிக் பறந்து முகத்தில் விழும்.

தோலில் தெறித்துவிட்டால் பச்சைத் தண்ணீரை விடாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள். கண்ணில் என்றால் குறைந்தது இருபது நிமிடம் கழுவியபடியே 108-ஐ அழைக்கச் சொல்லி, சங்கரன்கோவில் அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். காரத்தை முறிக்கிறேன் என்று எலுமிச்சையோ வினிகரோ காயத்தில் ஊற்றாதீர்கள். இரண்டும் சேரும்போது கிளம்பும் சூடு புண்ணை இன்னும் ஆழமாக்கும். யாராவது தெரியாமல் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிதான்.

குளிர்பானப் பாட்டிலிலோ தண்ணீர்ப் பாட்டிலிலோ காரக் கரைசலை ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். காஸ்டிக் டப்பா மேல் 'விஷம்' என்று கொட்டை எழுத்தில் எழுதிப் பரண் மேல் ஏற்றுங்கள். இறுக மூடவும் வேண்டும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கசிந்துபோன காஸ்டிக்குக்கு வீரியம் குறைந்திருக்கும், கணக்கும் தப்பிவிடும்.

## பாத்திரமும் பண்டமும்

எவர்சில்வர் பாத்திரம், எவர்சில்வர் கரண்டி, நல்ல கெட்டியான பிளாஸ்டிக் குவளை. இவை போதும். அலுமினியம் பக்கத்திலேயே வரக் கூடாது. காரம் அலுமினியத்தை அரித்து, தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். ஈயம் பூசிய பித்தளையும் வேண்டாம். கண்ணாடி டம்ளர் சூட்டில் விரிசல் விடும். மர மத்து நாளடைவில் அரித்துச் சிராய் விடும். சோப்புக்கு எடுத்த பாத்திரத்தைச் சமையலுக்குத் திருப்பாதீர்கள்.

ஒரு கிராம் வரை காட்டும் எலக்ட்ரானிக் தராசு கட்டாயம் வேண்டும். தம்ளர், உழக்கு, கரண்டிக் கணக்கெல்லாம் சோப்பில் செல்லாது. அரை லிட்டர் எண்ணெய்ப் பாக்கெட்டில் இருப்பது 500 கிராம் இல்லை, சுமார் 455 முதல் 460 கிராம்தான். இதைக் கவனிக்காமல் பாக்கெட்டை அப்படியே ஊற்றினால் காரம் மிஞ்சி, சோப்பு தோலைக் கடிக்கும்.

கலக்க ஹேண்ட் பிளெண்டர் இருந்தால் வேலை நிமிடங்களில் முடியும். இல்லையென்றால் எவர்சில்வர் கம்பிக் கரண்டியால் கை ஓயக் கலக்க வேண்டியதுதான். அச்சுக்கு ஐஸ்கிரீம் டப்பா, சிலிக்கான் அச்சு, பட்டர் பேப்பர் விரித்த அட்டைப் பெட்டி என்று எதுவும் ஆகும்.

காஸ்டிக் சோடா நம் பக்கத்துச் சரக்குதான். தூத்துக்குடி மாவட்டம் சாகுபுரத்தில் உள்ள டிசிடபிள்யூ ஆலை உப்பிலிருந்து அதைத்தான் எடுக்கிறது. சில்லறைக்குக் கெமிக்கல் கடைகளில் கேளுங்கள். சங்கரன்கோவில் விசைத்தறி ஊர் என்பதால் சாயப் பொருள் விற்பவர்களிடமும் கேட்டுப் பார்க்கலாம். செதில் அல்லது முத்து வடிவில், தூய்மை 97 சதவீதத்துக்குக் குறையாததாக வாங்குங்கள். சாக்கடை அடைப்பு எடுக்கும் பொடி வேண்டாம். அதில் அலுமினியத் துகள் முதலாக வேறு சரக்கும் கலந்திருக்கலாம்.

காரத்தைக் கரைக்கும் தண்ணீரும் போர் தண்ணீராக இருக்கக் கூடாது. பிடித்து வைத்த மழைத் தண்ணீர், கேன் தண்ணீர், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் இவற்றில் ஒன்று போதும். பேட்டரி ஆசிட் வேறு. கடையில் கேட்கும்போது தெளிவாகக் கேளுங்கள், இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கும்.

## எந்த எண்ணெய் என்ன செய்யும்

தேங்காய் எண்ணெய்தான் இங்கே ராஜா. அதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். லாரிக்கிலிருந்து வரும் சோப்பு தண்ணீரில் சட்டென்று கரையும், உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும். கப்பலில் கடல் தண்ணீரில் குளித்த மாலுமிகளுக்குக் கொடுத்தது தேங்காய் எண்ணெய்ச் சோப்புதான். இதற்கு ஒரு குறையும் உண்டு: தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையையும் சேர்த்து வழித்துவிடும். அந்தக் குறையை எப்படிச் சரிக்கட்டுவது என்று கீழே வருகிறது.

பாமாயில் சோப்பைக் கெட்டியாக்கும், சீக்கிரம் கரைய விடாது. ரேஷன் பாமாயிலைக் குழம்புக்கு வைத்துக்கொண்டு இதற்குக் கடைப் பாமாயில் வாங்கினால் வீட்டில் சண்டை வராது. கடலை எண்ணெய், நல்லெண்ணெய் இரண்டும் மென்மை தரும், ஆனால் சோப்பு இளகலாக இருக்கும், சிக்கு வாடையும் சீக்கிரம் வரும். செக்கு நல்லெண்ணெயைச் சோப்பில் ஊற்ற எனக்கு மனம் வராது. அதன் இடம் இட்லிப் பொடி.

விளக்கெண்ணெய் நுரையைப் பிடித்து நிறுத்தும். பத்து சதவீதத்துக்கு மேல் போனால் சோப்பு பிசுபிசுக்கும். கடையில் 'தீப எண்ணெய்', 'பூஜை எண்ணெய்' என்று விற்பது பல எண்ணெய்களின் கலவை. அதற்குக் காரக் கணக்குப் போட முடியாது என்பதால் ஆமணக்கு எண்ணெய் என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.

வேப்பெண்ணெய்க்கு நம் காடே கிடங்கு. ஆனி, ஆடியில் பழம் உதிர, வேப்பமுத்து பொறுக்கிக் காயவைத்து வியாபாரியிடம் போடுவது பல வீடுகளில் சிறு வருமானம். அந்த எண்ணெயின் கந்தக வாடை சோப்பிலும் மிஞ்சும். எண்ணெய் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போட்டால் வீட்டில் உங்களைத் தவிர வேறு யாரும் அந்தச் சோப்பைத் தொடமாட்டார்கள். உரக்கடையில் பயிருக்குத் தெளிக்க விற்கும் வேம்பு மருந்தில் கரைப்பான்கள் சேர்ந்திருக்கும். அது சோப்புக்கு ஆகாது. செக்கில் ஆட்டிய சுத்த எண்ணெய்தான் வேண்டும்.

## காரக் கணக்கு

ஒவ்வொரு எண்ணெய்க்கும் தனிக் கணக்கு. ஒரு கிராம் எண்ணெய் முழுதும் சோப்பாக எத்தனை கிராம் காஸ்டிக் வேண்டும் என்பது இது:

தேங்காய் எண்ணெய் 0.183
பாமாயில் 0.141
வேப்பெண்ணெய் 0.138
கடலை எண்ணெய் 0.136
நல்லெண்ணெய் 0.134
விளக்கெண்ணெய் 0.128

எண்ணெயின் எடையை இதனால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் முழுக் காரம் கிடைக்கும். அதை அப்படியே போடக் கூடாது. கொஞ்சம் குறைத்துப் போட்டால் அந்த அளவுக்கு எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சி, தோலைக் காயவிடாமல் காக்கும். இதைச் சோப்புக்காரர்கள் 'சூப்பர்ஃபேட்' என்பார்கள். சாதாரணச் சோப்புக்கு 5 முதல் 8 சதவீதம் குறைப்பது வழக்கம். வெறும் தேங்காய் எண்ணெய் என்றால் தாராளமாக 20 சதவீதம் குறைக்கலாம். தோலை வழிக்கும் குறை அத்தோடு தீரும்.

எண்ணெயை மாற்றினால் கணக்கையும் மாற்றுங்கள். தேங்காய் எண்ணெய்க் கணக்குக் காரத்தைக் கடலை எண்ணெயில் கொட்டினால் அது சோப்பாக இருக்காது, தோலைப் பொசுக்கும் கட்டியாகத்தான் இருக்கும்.

## முதல் சோப்பு: வெறும் தேங்காய் எண்ணெய்

தேங்காய் எண்ணெய் 500 கிராம், காஸ்டிக் சோடா 73 கிராம், தண்ணீர் 150 கிராம். வேறு ஒன்றும் வேண்டாம். வாசனையும் வண்ணமும் அடுத்த முறைக்கு இருக்கட்டும். முதல் முறை கைக்கு வரவேண்டியது பதம் மட்டும்தான்.

கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: 500-ஐ 0.183-ஆல் பெருக்கினால் 91.5. அதில் 20 சதவீதம் கழித்தால் 73.2. தண்ணீர், காரத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

வெயில் ஏறுமுன் காலையில் தொடங்குங்கள். மூன்றையும் தனித்தனியாக நிறுத்து வையுங்கள். தண்ணீர் இருக்கும் பாத்திரத்தை ஒரு தொட்டித் தண்ணீருக்குள் நிறுத்தி, காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்குங்கள். பாத்திரம் தொட முடியாதபடி கொதிக்கும். கலங்கல் மறைந்து தெளிந்ததும் அப்படியே விட்டுவிடுங்கள். குளிர்நாட்டில் எண்ணெயை அடுப்பில் உருக்குவார்கள். நமக்கு அந்த வேலை இல்லை, மார்கழி விடியலில் உறைந்திருந்தால் மட்டும் லேசாகச் சூடு காட்டினால் போதும்.

பாத்திரத்தின் வெளிப்புறம் இளஞ்சூட்டுக்கு வந்த பிறகு, ஏறக்குறைய 40 டிகிரி, காரக் கரைசலை எண்ணெயில் மெல்லிசாக ஊற்றுங்கள். ஹேண்ட் பிளெண்டரை முழுதும் முக்கிய பிறகே பொத்தானை அழுத்த வேண்டும். மேலே தூக்கிக்கொண்டு ஓடவிட்டால் காரம் நாலாபக்கமும் தெறிக்கும். சில நொடி ஓட்டுங்கள்; சில நொடி நிறுத்தி, ஓடாத பிளெண்டராலேயே கையால் கிண்டுங்கள். தெளிந்த எண்ணெய் வெளுத்துக் கெட்டியாகத் தொடங்கும். கரண்டியிலிருந்து வழியவிட்ட கோடு, ஆப்ப மாவில் விழுந்த கோடு போல மேலே ஒரு கணம் நின்று மறைந்தால் அதுதான் பதம். இன்னும் கொஞ்சம் அடிக்கலாமே என்று ஆசைப்படாதீர்கள். அச்சில் ஊற்றத் தோதில்லாமல் பாத்திரத்திலேயே இறுகிவிடும்.

அச்சில் ஊற்றித் தரையில் இரண்டு முறை தட்டிக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றுங்கள். அடியில் ஒரு தட்டு வையுங்கள். அச்சுக்குள் சோப்பு தானே சூடாகி நடுவில் கண்ணாடி போலத் தெளிந்து வரும். அது நல்லதுதான். நடுவில் மேடாகக் கிளம்பினால் ஃபேன் காற்றுக்கு நகர்த்துங்கள். மூடவோ போர்த்தவோ வேண்டாம்.

தேங்காய் எண்ணெய்ச் சோப்பை மறுநாள் வெட்டலாம் என்று விட்டால் கல்லாகி, கத்தி வைத்ததும் சில்லு சில்லாக உடையும். ஐந்தாறு மணி நேரத்தில் ஆறி, விரலால் அழுத்தினால் பள்ளம் விழாத நிலையில் கையுறையோடு வெட்டிவிடுங்கள். தனித்தனி அச்சில் ஊற்றினால் இந்தத் தொல்லையே இல்லை.

பாத்திரத்தை உடனே கழுவ வேண்டாம். ஓரத்தில் ஒட்டியது மறுநாளைக்குள் சோப்பாகிவிடும். அதைக் கொண்டே தேய்த்துக் கழுவிக்கொள்ளலாம்.

## உலர விடுதல்

வெட்டிய சோப்பு நான்கு முதல் ஆறு வாரம் நிழலில் காய வேண்டும். முதல் ஓரிரு நாளில் காரம் தீர்ந்துவிடும். மீதி வாரங்கள் தண்ணீர் வற்றிச் சோப்பு இறுகுவதற்கு. அவசரப்பட்டுக் குளித்தால் சோப்பு நாலு நாளில் கரைந்து போகும்.

இதற்கு நார்க்கட்டிலைவிடத் தோதான இடம் கிடையாது. மேலே வெள்ளைத் தாள் விரித்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கினால் கீழும் மேலும் காற்றோடும். அலுமினியத் தட்டும் துருப்பிடிக்கும் இரும்பும் வேண்டாம். வாரம் ஒருமுறை புரட்டிப் போடுங்கள். எலிக்குச் சோப்பு என்றால் கொள்ளை ஆசை, அதுவும் தேங்காய் எண்ணெய்ச் சோப்பு. கொசுவலையை அது கடித்துவிடும், கம்பிவலைக் கூடை கவிழ்த்தால்தான் சோப்பு மிஞ்சும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கிளிசரின் காற்றிலுள்ள தண்ணீரை இழுத்துச் சோப்பின் மேல் முத்து முத்தாக வியர்க்கும். துடைத்துவிட்டு ஃபேன் போடுங்கள், கெடவில்லை.

## இரண்டாவது சோப்பு: வேம்பு, கூடவே எலுமிச்சை உப்பு

கடுத்த தண்ணீருக்கென்றே நான் சிபாரிசு செய்வது இது. தேங்காய் எண்ணெய் 250 கிராம், பாமாயில் 150, வேப்பெண்ணெய் 50, விளக்கெண்ணெய் 50. முழுக் காரம் 80.2 கிராம். ஆறு சதவீதம் சூப்பர்ஃபேட் கழித்தால் சுமார் 75.

இதில் எலுமிச்சை உப்பு, அதாவது மளிகைக் கடையில் விற்கும் சிட்ரிக் ஆசிட், 10 கிராம் சேர்க்கிறோம். அது காஸ்டிக்கோடு சேர்ந்து சோடியம் சிட்ரேட் ஆகும். குளிக்கும்போது தண்ணீரிலுள்ள கால்சியத்தை இந்தச் சிட்ரேட் பிடித்துக்கொள்வதால், சோப்பு பிசுக்காகத் திரிவது குறையும். ஆனால் அந்த 10 கிராம் ஆசிட் சுமார் 6 கிராம் காஸ்டிக்கை விழுங்கிவிடும். ஆகவே போட வேண்டிய மொத்தக் காஸ்டிக் 81 கிராம். தண்ணீர் 165 கிராம். முதலில் தண்ணீரில் எலுமிச்சை உப்பைக் கரைத்து, பிறகு காஸ்டிக்கைத் தூவுங்கள். வழக்கத்தைவிடச் சூடு அதிகம் கிளம்பும், பொறுமையாகத் தூவ வேண்டும்.

புளியங்குடி எலுமிச்சை கூப்பிடு தூரத்தில் விளைகிறதே, சாற்றையே பிழிந்து ஊற்றினால் என்ன என்று கேட்கலாம். சாற்றில் ஆசிட் எவ்வளவு என்று பழத்துக்குப் பழம் மாறும், கணக்கு நிற்காது. காரத்தில் பட்டதும் அதன் மணமும் காணாமல் போகும்.

வேப்பெண்ணெய் பதத்தைச் சீக்கிரம் கொண்டுவரும். பிளெண்டரைக் குறைத்து ஓட்டுங்கள். வெட்ட மறுநாள் வரை பொறுக்கலாம், கல்லாகாது. ஆறு வாரம் காயட்டும்.

## பொடி, வண்ணம், வாசனை

500 கிராம் எண்ணெய்க்கு ஒரு தேக்கரண்டி பொடி போதும். பதம் வந்த பிறகு கலக்குங்கள். ஆவாரம்பூப் பொடி, குப்பைமேனிப் பொடி, சலித்த கொட்டாங்கச்சிக் கரி எல்லாம் போடலாம். பச்சை இலையையும் பூவையும் அப்படியே போட்டால் கறுத்து நாறும். வேப்பிலையின் பச்சையும் சில வாரத்தில் பழுப்பாகிவிடும்.

மஞ்சள் தூளைப் போட்டதும் கலவை இரத்தச் சிவப்பாகும். பயப்பட வேண்டாம். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதும் இதே வித்தைதான். காய்ந்த பிறகு காவிக்கும் பழுப்புக்கும் இடையில் ஒரு நிறத்தில் நிற்கும். சங்கரன்கோவில் கோயிலில் பிரசாதமாகத் தரும் புற்றுமண்ணைச் சோப்பில் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பிரசாதத்தைப் பிரசாதமாக வைத்துக்கொள்ளுங்கள். பதப்படுத்தாத மண் எதையும் சோப்பில் கலப்பது சரியில்லை.

வாசனைக்குச் சுத்தமான தைலம் 10 கிராமுக்கு மிகாமல் போடலாம். எலுமிச்சைப்புல் தைலம் வேம்பு வாடையை ஓரளவு அடக்கும். ஊதுபத்திக்கு விற்கும் சென்ட்டை ஊற்றினால் கலவை ஒரே நொடியில் திரண்டு கரண்டியோடு நின்றுவிடக்கூடும். பாலும் தேனும் சூட்டைக் கிளப்பும் என்பதால் கை பழகும்வரை வேண்டாம்.

மருந்துக் குணம் பற்றி ஒரு வார்த்தை. சோப்பு தோலில் நிற்பது ஒரு நிமிடம், பிறகு கழுவிப் போய்விடும். வேப்பஞ்சோப்பு படையையும் சொறியையும் தீர்க்கும் என்று நம்பித் தோல் மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள். தலைக்கும் இந்தச் சோப்பு வேண்டாம். கடுத்த தண்ணீரில் முடி சடையாகும். அதற்கு அரப்பும் சீயக்காயும் இருக்கின்றன.

## சரியாக வந்திருக்கிறதா?

நான்கு வாரம் கழித்து, ஈரமாக்கிய சோப்பின் மேல் பிஎச் தாளை வைத்துப் பாருங்கள். 9-லிருந்து 10 வரை சரி. 11-ஐத் தாண்டினால் உடம்புக்கு வேண்டாம். மஞ்சள் தூளை வைத்துச் சோதிப்பது பயனில்லை, நல்ல சோப்பும் அதைச் சிவக்கவைக்கும்.

மேலே மட்டும் மெல்லிய வெள்ளைப் பொடி படர்ந்திருந்தால் அது காற்றோடு சேர்ந்து உண்டான சோடா உப்பு. சீவிவிடலாம். உள்ளே வெட்டுமுகத்தில் வெள்ளைப் படிகமோ சிறு குழியில் தேங்கிய நீரோ தெரிந்தால் அது கலக்காத காரம். அந்தக் கட்டியைக் கையுறையோடு எடுத்து ஒதுக்குங்கள். எண்ணெய் தனியே மிதந்தால் பதம் வருமுன் ஊற்றியிருக்கிறீர்கள். சில மாதம் கழித்து ஆரஞ்சு நிறப் புள்ளியும் சிக்கு வாடையும் வந்தால் மிஞ்சிய எண்ணெய் கெடத் தொடங்கியிருக்கிறது. தேதி எழுதித் தாளில் சுற்றி வைத்து, ஒரு வருடத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

பிள்ளைகளோடு சேர்ந்து செய்ய ஆசையென்றால் இதெல்லாம் வேண்டாம். ஆயத்தமாக விற்கும் சோப் பேஸை வாங்கி, வெந்நீருக்குள் பாத்திரத்தை வைத்து உருக்கி அச்சில் ஊற்றலாம். கிளிசரின் கட்டி என்று கேட்டாலும் கொடுப்பார்கள். காரம் தொடும் வேலையே இல்லை.

## விற்கலாமா?

சொந்தபந்தத்துக்குக் கொடுப்பது வேறு, விலை வைப்பது வேறு. குளியல் சோப்பு சட்டப்படி அழகுசாதனப் பொருள். 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் கீழ் வந்த 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, விற்பனைக்குச் செய்ய மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் தயாரிப்பு உரிமம் வேண்டும். அதற்கு இடம், ஆள், சோதனை வசதி என்று நிபந்தனைகள் உண்டு. உறையில் என்னென்ன அச்சிட வேண்டும் என்பதற்கும் விதி இருக்கிறது. சமையல்கட்டில் காய்ச்சி வாட்ஸ்அப்பில் விலை போடுகிறவர்கள் பலருக்கு இது தெரியாது.

வீட்டிலிருந்து கிளம்பிப் பெரிதான கதையும் உண்டு. சென்னையில் ரயில்வே மருத்துவராக இருந்த வி. பி. சித்தன், தோல் நோயோடு வந்தவர்களுக்காக மூலிகை எண்ணெயில் சோப்பு செய்து கொடுக்கத் தொடங்கி, 1969-இல் அதை மெடிமிக்ஸ் என்று விற்பனைக்குக் கொண்டுவந்தார். தொடக்கத்தில் அவரும் அவர் மனைவியும் வீட்டிலேயே கையால் செய்த சோப்பு அது. பெரிய நிறுவனமான பிறகும் கையால் செய்யும் சோப்பு என்பதையே முன்னிறுத்தி விற்கிறார்கள்.

உங்களுக்கு அந்த எண்ணம் இருந்தால், முதலில் ஒரே செய்முறையை எடையும் தேதியும் நோட்டில் எழுதி வைத்துத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். போர் தண்ணீரில் ஒருவர், ஆற்றுக் குழாய்த் தண்ணீரில் ஒருவர், மழைத் தண்ணீரில் ஒருவர் என்று மூன்று வீட்டுக்குக் கொடுத்து, நுரை எப்படி, பிசுக்கு ஒட்டுகிறதா என்று கேளுங்கள். போர் தண்ணீர் வீட்டுக்காரர் நன்றாயிருக்கிறது என்று சொன்ன பிறகு உரிமத்துக்கு விண்ணப்பம் எழுதலாம்.